பிழையை அளந்த கணக்கு

வங்காளத்தில் ஒரு பருவத்தில் எவ்வளவு சணல் விளைகிறது என்பது 1930களில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. ஹூக்ளிக் கரையில் வரிசையாக நின்ற ஆலைகள், கல்கத்தாவின் ஏற்றுமதி நிறுவனங்கள், ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து வியாபாரிகள், முன்பேர வணிகம் செய்தவர்கள் என்று அந்த எண்ணை நம்பிப் பணம் போட்டவர்கள் ஏராளம். விளைச்சல் அதிகம் என்று பேச்சுக் கிளம்பினால் விலை சரியும், விவசாயி கையைச் சுட்டுக்கொள்வான். குறைவு என்று கிளம்பினால் பதுக்கி வைத்தவனுக்குக் கொண்டாட்டம். அரசு ஆண்டுதோறும் ஒரு முன்மதிப்பீட்டை வெளியிட்டு வந்தது. சந்தை அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

அரசின் எண் அப்படி மதிப்பிழந்து போனதற்கான காரணம் நிலவரியின் வரலாற்றில் இருக்கிறது. விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை நடந்த சென்னை மாகாணத்தில் ஊருக்கு ஒரு கர்ணம் உண்டு. எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் வைத்தார், எத்தனை ஏக்கர் என்பதை அவர் அடங்கலில் எழுதியாக வேண்டும். இன்றைக்கும் விவசாயிகள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கும் அடங்கல் அந்தப் பழைய ஏட்டின் வாரிசுதான். வங்காளத்தில் நிலைமை வேறு. 1793ல் வந்த நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தார் கட்டவேண்டிய தொகையை ஒரேயடியாக நிர்ணயித்துவிட்டது. வயலில் என்ன விளைந்தாலும் கஜானாவுக்கு வருவது அதே தொகை என்றான பிறகு, வயலைப் போய்ப் பார்க்க அரசுக்கு என்ன அவசரம்? ஊர்க் கணக்கர்களின் அமைப்பே அங்கே வளரவில்லை. அடிமட்ட ஊழியர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன ஊகங்கள்தான் மேலே போய்ப் புள்ளிவிவரம் என்ற பெயரில் அச்சாயின. இந்தியாவில் பெரிய அளவிலான மாதிரிக் கணக்கெடுப்பு கர்ணம் இருந்த சென்னையில் தோன்றாமல் கர்ணம் இல்லாத வங்காளத்தில் தோன்றியதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

அதைத் தொடங்கி வைத்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் (1893–1972) தொழிலால் இயற்பியல் ஆசிரியர். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் படித்து 1913ல் கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த ராமானுஜனுக்கு நண்பரானார். 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த வீட்டு எண் புதிர் ஒன்றை இவர் வாசித்துக் காட்ட, அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன் அந்தப் புதிரோடு நிற்காமல் அந்த வகைப் புதிர்கள் அத்தனைக்கும் விடை தரும் தொடர்பின்னத்தைச் சொல்லிவிட்ட கதை மஹலனோபிஸ் வழியாக வெளியே வந்ததுதான். அவருடைய சொந்த நாட்டம் வேறு பக்கம் திரும்பியது. 1915ல் படிப்பு முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் உலகப் போரால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில் மெக்காலே என்ற ஆசிரியர் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். மஹலனோபிஸ் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பிரெசிடென்சியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே தேர்வு மதிப்பெண்கள், வானிலைப் பதிவுகள், மனித உடல் அளவுகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஆராய ஆரம்பித்தார். உடல் அளவுகளைக் கொண்டு இரு மக்கள் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம், எவ்வளவு விலகல் என்று அளக்க அவர் 1936ல் செம்மைப்படுத்தித் தந்த 'மஹலனோபிஸ் தொலைவு' இன்று தரவுகளைக் கையாளும் பல கணினிப் பாடங்களில் இடம்பெறுகிறது.

சமூகத்துக்கு நேராகப் பயன்பட்ட அவருடைய முதல் வேலை வெள்ளம் பற்றியது. 1922ல் வட வங்காளம் வெள்ளத்தில் மூழ்கியது. நீரைத் தேக்கி நிறுத்தப் பெரும் செலவில் தேக்கங்கள் கட்டலாம் என்று பொறியாளர்கள் யோசனை சொன்னார்கள். பல பத்தாண்டுகளின் மழைப் பதிவையும் வெள்ளப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்த மஹலனோபிஸ், நீர் விரைவாக வடியாததுதான் அங்கே பிரச்சினை, தேக்கங்களால் பயனில்லை என்று காட்டினார். 1926ல் ஒரிசாவின் பிராமணி ஆறு கரையை உடைத்தபோது, ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். சுமார் 60 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்ததில் படுகை உயர்ந்ததற்குச் சான்றே இல்லை. மேல்பகுதியில் பெய்த அளவுமீறிய மழையே காரணம் என்றும், கரையை உயர்த்துவதைவிட மேலே அணை கட்டுவதே வழி என்றும் அவர் எழுதினார். பின்னாளில் மகாநதியில் ஹிராகுட் அணை எழுந்ததற்குப் பின்னால் இருந்த சிந்தனைகளில் இந்த அறிக்கையும் ஒன்று. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே: நேற்றைய வெள்ளத்தைக் கண்ணால் பார்த்துப் பதறியவர்களின் முடிவை நீண்ட காலப் பதிவுகள் மாற்றின. கட்டாமல் விட்டதனால் மிச்சமான பணத்துக்கு எந்த ஊரிலும் கல்வெட்டு வைப்பதில்லை என்பதால் இந்த வகைப் பயன் பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது.

பிரெசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறையில் ஓர் அறையில் நடந்த 'புள்ளியியல் ஆய்வகம்' 1931 டிசம்பர் 17 அன்று இந்தியப் புள்ளியியல் கழகமாக உருவெடுத்தது. முதல் ஆண்டின் மொத்தச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933ல் 'சாங்கியா' என்ற ஆய்விதழ் வந்தது. ஆர்.சி.போஸ், எஸ்.என்.ராய் போன்ற இளம் கணித ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு நவீனப் புள்ளியியலின் தலைமகன் ஆர்.ஏ.ஃபிஷரே வந்தார். கூட்டம் கூடிவிட்டது. அதற்கேற்ற பெரிய வேலையாக முன்னால் நின்றது சணல்.

1937ல் இந்திய மத்தியச் சணல் குழுவின் நிதியுதவியோடு சோதனைக் கணக்கெடுப்பு ஆரம்பமானது. லட்சக்கணக்கான வயல்களில் சிலவற்றை மட்டும் பார்த்து மொத்தத்தைச் சொல்வது எப்படி என்பதுதான் கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது கொதித்துப் புரண்டு ஒன்றாகக் கலந்துவிட்ட பானைக்கு மட்டுமே பொருந்தும். நாட்டை யாரும் கிளறிவிடுவதில்லை. ஆற்றோரம் சணல் அடர்ந்திருக்கும், மேட்டில் நெல் இருக்கும், சாலையோரத்து வயல் ஒரு மாதிரி, உள்ளே இருக்கும் வயல் வேறு மாதிரி. கணக்கெடுக்கப் போகிறவர் கைக்கு வசதியான வயலைப் பார்த்துவிட்டு வந்தால் கிடைப்பது சாலையோரத்தின் கணக்கே. அதனால் எந்த வயலைப் பார்ப்பது என்ற முடிவை மனிதர் கையிலிருந்து பறித்துக் குலுக்கலின் கையில் கொடுத்தார்கள். கிராம வரைபடத்தின் மேல் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு புள்ளிகளைக் குறிப்பார்கள்; அந்தப் புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும், சேறாக இருந்தாலும் முள்ளாக இருந்தாலும்.

இப்படிக் குலுக்கிப் போட்டு எடுப்பதில் ஒரு பெரிய ஆதாயம் உண்டு. மதிப்பீடு எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதையும் அதே மாதிரியிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். மாதிரியை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும். ஒன்பது மடங்காக்கினால் மூன்றில் ஒன்றாகும். மொத்தப் பரப்பு பெரிதாக இருப்பதனால் பிழை அதிகரிப்பதில்லை என்பது கேட்பவருக்கு முதலில் நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான். 'இவ்வளவு விளைந்தது' என்று மட்டும் சொல்லிவந்த இடத்தில் 'இவ்வளவு, இத்தனை சதவீதம் முன்பின்னாக' என்று சொல்ல முடிந்ததுதான் இந்தக் கணிதம் கொண்டுவந்த மாற்றம். கர்ணத்தின் அடங்கலிலும் பிழை இருந்தது. எவ்வளவு என்று சொல்ல அவரிடம் வழி இல்லை.

மஹலனோபிஸ் இங்கே தன் பங்குக்குச் சேர்த்தவை செலவும் ஒழுங்கும் பற்றியவை. ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு பெரிய கட்டத்தைப் பார்ப்பது? பெரிய கட்டமாகச் சில இடங்களில் பார்த்தால் நடைச் செலவு குறையும், ஆனால் பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒன்றுபோலவே இருப்பதால் புதிதாகத் தெரிந்துகொள்வது குறைவு. சின்னக் கட்டமாகப் பல இடங்களில் பார்த்தால் துல்லியம் கூடும், ஆட்களின் பாதி நாள் நடையிலேயே போய்விடும். கட்டத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, நடக்க எத்தனை நேரம், எழுத எத்தனை நேரம் என்று குறித்து, ஒரு ரூபாய்க்கு அதிகத் துல்லியம் எங்கே கிடைக்கிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார்கள். ஆள் செய்யும் தவறைப் பிடிக்க இன்னொரு ஏற்பாடு: ஒரே பகுதியை ஒன்றையொன்று அறியாத இரு குழுக்கள் தனித்தனி மாதிரிகளாகப் பார்க்கும். இரண்டின் முடிவும் வெகுவாக விலகினால் யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கக்கூடும் என்று பொருள்.

1941ல் கணக்கெடுப்பு வங்காள மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பின்னர் வங்காள அரசு புலம் புலமாக எல்லா வயல்களையும் எண்ணும் முழுக் கணக்கெடுப்பையும் நடத்தியதால் இரண்டையும் ஒப்பிட வாய்ப்புக் கிடைத்தது. முழுக் கணக்கெடுப்புக்கு 33,000 ஆட்கள், 82 லட்சம் ரூபாய். மாதிரிக் கணக்கெடுப்புக்கு 600 ஆட்கள், 8 லட்சம் ரூபாய். ஒரு பேல் 400 பவுண்டு என்ற கணக்கில் முழு எண்ணிக்கை சொன்ன விளைச்சல் 63.04 லட்சம் பேல். மாதிரி சொன்னது 75.40 லட்சம். பருவம் முடிந்து சரக்கெல்லாம் சந்தைக்கு வந்த பிறகு வணிகப் பதிவுகள் காட்டியது 75.62 லட்சம். எல்லாவற்றையும் எண்ணியவர்கள் தவறினார்கள், சிலவற்றை எண்ணியவர்கள் நெருங்கினார்கள். அவசரமாகத் திரட்டிய 33,000 பேரின் வேலையைச் சரிபார்க்க யாராலும் முடியாது, நன்றாகப் பழக்கிய 600 பேரின் வேலையைச் சரிபார்க்கலாம் என்பதுதான் இதன் சூட்சுமம்.

விளைச்சலை அளப்பதில் இன்னொரு தகராறு எழுந்தது. ஓர் ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்று தெரிய, வயலின் நடுவே சிறு பரப்பைக் குறித்து அறுத்து எடை போட வேண்டும். அதுவரை இயல்பான விளைச்சல் 16 அணா என்று வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு 12 அணா, 10 அணா என்று கண்பார்வையில் சொல்லும் வழக்கமே இருந்தது. மஹலனோபிஸ் குழு சிறு வட்டங்களாக அறுத்தது. டெல்லியில் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் புள்ளியியலைக் கவனித்த பி.வி.சுகாத்மே அதை எதிர்த்தார். வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்து எண்ணிவிடும் இயல்பு அறுப்பவனுக்கு உண்டு. வட்டம் சிறிதாகச் சிறிதாக ஓரத்தின் பங்கு கூடும், மதிப்பீடும் ஊதிவிடும் என்பது அவர் வாதம். பெரிய செவ்வகங்களாக அறுத்து, வருவாய்த் துறை ஊழியர்களையே வைத்து வேலையை முடிக்கலாம் என்றார் அவர். தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பது மஹலனோபிஸின் நிலை. ஓரப் பிழை விஷயத்தில் சுகாத்மே பக்கம் நியாயம் இருந்தது. நடைமுறையில் அவர் வழியே நிலைத்தது. தமிழ்நாட்டில் இப்போது பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டைத் தீர்மானிக்கும் 'பயிர் அறுவடைப் பரிசோதனை' அதன் தொடர்ச்சி. குலுக்கலில் விழுந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு பிடித்து நெல்லை அறுத்து எடைபோடும்போது டெல்டா மாவட்டங்களில் ஆண்டுதோறும் எழும் வாக்குவாதம், எந்த வயல் எடுக்கப்பட்டது என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. 1937ன் கேள்வி இன்னும் வயலில் உயிரோடு நிற்கிறது.

1943ன் வங்காளப் பஞ்சம் கழகத்தின் வேலையைப் பயிரிலிருந்து மனிதர்கள் பக்கம் திருப்பியது. பஞ்சத்துக்குப் பின் ஊர் ஊராகக் குடும்பங்களைச் சந்தித்து, நிலத்தை விற்றவர்கள் எத்தனை பேர், உழவு மாடு போனவர்கள் எத்தனை பேர், ஆதரவற்றுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எடுத்த கணக்கு 1946ல் வெளிவந்தது. பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. முன்பே நிலமில்லாதவர்களும் கைத்தொழில் செய்தவர்களுமே முதலில் விழுகிறார்கள் என்பது எண்ணாகப் பதிவானது.

அடுத்த ஆண்டு, டெல்லியில் நடந்த பிரிவினைக் கலவரங்களில் சிறுபான்மைச் சமூகத்தினர் பலர் செங்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அவர்களுக்கு உணவு வழங்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரர்களிடம். உள்ளே எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியாது; பதற்றமான நேரத்தில் உள்ளே போய் எண்ணவும் முடியாது; ஒப்பந்தக்காரர் தரும் பட்டியலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதுதான். பொறுப்பு புள்ளியியலாளர்களிடம் வந்தது. அரிசி, பருப்பு, உப்பு மூன்றிலும் எவ்வளவு வாங்கியதாகப் பட்டியல் சொல்கிறது என்று பார்த்தார்கள். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு உப்பு சாப்பிடுவார் என்பது பழைய குடும்ப ஆய்வுகளிலிருந்து தெரியும். மூன்றையும் தனித்தனியே வகுத்தால் ஒரே ஆள் எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லை. அரிசிக் கணக்கில் கூட்டம் மிகப் பெரிது, உப்புக் கணக்கில் மிகச் சிறிது. விலை அதிகமான பொருளில் கணக்கைக் கூட்டி எழுத ஆசை வரும், மலிவான உப்பில் கூட்டி எழுதி யாருக்கு என்ன லாபம்? உப்பின் எண்ணையே ஏற்றுக்கொண்டார்கள். இந்த யோசனை ஜே.எம்.சென்குப்தாவுடையது. கழகத்தில் பணியாற்றிய சி.ஆர்.ராவ் பின்னாளில் தன் நூலில் இதை எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. இதில் இருக்கும் கணிதம் வெறும் வகுத்தல். எந்த எண்ணில் யாருக்கு ஆதாயம் என்று பார்க்கத் தெரிந்ததுதான் புள்ளியியல்.

சுதந்திர இந்தியாவுக்குத் தன் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதே தெரியாது. 1949ல் மஹலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தபோது, வருமானத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றால் பாதி இடங்களில் தரவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1950ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. அக்டோபர் 1950 முதல் மார்ச் 1951 வரை நடந்த முதல் சுற்றில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஊருக்கு ஊர் மொழி மாறியது, அளவையும் மாறியது. தஞ்சாவூரில் 12 மரக்கால் ஒரு கலம் என்றால், மரக்கால் எத்தனை படி கொள்ளும் என்பதே வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. வடக்கே சேரும் மணங்கும் அப்படித்தான். எடையளவுச் சட்டம் 1956லும் புதிய பைசா 1957லும் வரும்வரை களப்பணியாளர் ஒவ்வொருவரும் ஒரு மாற்று அட்டவணையைச் சுமந்து திரிந்தார்கள். உலகில் வேறெந்த நாடும் அன்று இந்த அளவில் குடும்பச் செலவைத் தொடர்ந்து அளக்கவில்லை. 1971ல் பொருளியலாளர்கள் தாண்டேகரும் ராத்தும் ஒரு நாளைக்கு 2,250 கலோரி என்ற அளவுகோலை வைத்து நாட்டின் வறுமையை மதிப்பிட்டபோது அவர்களுக்கு அடித்தளமாக இருந்தது இந்தத் தரவுதான். நியாயவிலைக் கடை, ஊரக வேலைத் திட்டம் பற்றிய விவாதங்கள் எல்லாவற்றிலும் பிற்பாடு இதே எண்களே மேற்கோள் ஆயின.

மஹலனோபிஸின் பெயர் பொதுமக்களிடம் நிலைத்தது இதனால் அல்ல, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தால் (1956–61). முதலீட்டில் எவ்வளவு பங்கு இயந்திரம் செய்யும் இயந்திரங்களுக்கு, எவ்வளவு பங்கு நுகர்பொருளுக்கு என்று பிரித்தால் நீண்டகால வளர்ச்சி கூடும் என்பதை அவர் சமன்பாடுகளாக எழுதினார். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகள் அந்தச் சிந்தனையின் காலத்தவை. கல்கத்தாவின் பராநகரில் இருந்த கழகத்துக்கு நார்பர்ட் வீனர், ராக்னார் ஃபிரிஷ், ஜான் டின்பெர்கன், ஆஸ்கர் லாங்கே என்று உலகத்தார் வந்துபோனார்கள். 1956ல் பிரிட்டனிலிருந்து வந்திறங்கிய ஹெச்ஈசி-2எம் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி. 1959ல் சோவியத்திலிருந்து யூரல் வந்தது. 1966ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கழகமே ஒரு கணினியைக் கட்டியது.

திட்டத்தின் கதை அவ்வளவு சுபமாக முடியவில்லை. பொருளியலாளர் பி.ஆர்.ஷெனாய் 1955லேயே எதிர்க் குறிப்பு எழுதினார். வக்கீல், பிரம்மானந்தா என்ற பொருளியலாளர்கள் இருவரும் உணவும் துணியும் போன்ற கூலிப் பண்டங்களைப் பின்னுக்குத் தள்ளியதைக் குறை சொன்னார்கள். ஏற்றுமதி பற்றி அந்த மாதிரிச் சமன்பாட்டில் இடமே இல்லை. 1957ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. அரசியல் காரணங்களை ஒதுக்கிவிட்டுக் கணிதத்தை மட்டும் பார்த்தாலும் ஒரு வேறுபாடு தெரிகிறது. சணல் கணக்கில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பிழை எழுதப்பட்டிருந்தது. மறு ஆண்டு சந்தைக்கு வந்த சரக்கு அதைச் சோதித்தது. திட்டத்தின் சமன்பாட்டில் முதலீட்டுக்கும் உற்பத்திக்கும் இடையிலான விகிதங்கள் பிழைக்குறிப்பு இல்லாமல் நின்றன. சோதிக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் ஆலைகள் எழும்பியிருக்கும். சணலில் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த அதே மனிதர் இங்கே ஏன் தளர்ந்தார் என்பது அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் புதிராகவே இருக்கும்.

தொழிற்சாலைகளுக்குள் புள்ளியியல் நுழைந்த வழி இதைவிட அடக்கமானது, பலன் நீண்டது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் 1924ல் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கண்டுபிடித்தார். எந்த இயந்திரமும் இரண்டு பொருளை அச்சுப்போல ஒன்றாகச் செய்யாது. அந்த ஏற்ற இறக்கத்தில் இயல்பாக வருவது எது, இயந்திரத்தில் கோளாறு என்பதால் வருவது எது என்று பிரிக்க, சராசரிக்கு மேலும் கீழும் இரண்டு கோடுகள் போடுவார் அவர். அவ்வப்போது எடுக்கும் சிறு மாதிரிகளின் சராசரி கோட்டுக்குள் இருந்தால் இயந்திரத்தைத் தொடாதே. வெளியே போனால் நிறுத்திப் பார். தொடாதே என்று சொல்வதுதான் இதில் பாதி வேலை, ஏனெனில் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் திருகாணியைத் திருப்பும் தொழிலாளி ஏற்ற இறக்கத்தைக் கூட்டிவிடுகிறார். 1947–48ல் மஹலனோபிஸின் அழைப்பில் ஷூவார்ட் இந்தியா வந்து ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். 1950களில் கழகம் பல தொழில் நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. முதலில் பிடித்துக்கொண்டது துணித் தொழில். நூற்பாலையில் நூலின் பருமனைக் காட்டும் கவுண்ட் ஏறி இறங்கினால் தறியில் நூல் அறுபடும், துணியில் பட்டை விழும். துணித் தொழில் ஆய்வு நிறுவனங்களான அகமதாபாத்தின் அட்டிராவும் 1956ல் கோவையில் தொடங்கிய சிட்ராவும் ஆலைகளுக்கு இந்தக் கணக்கைப் பழக்கின.

இந்த வழியில் கல்கத்தா போனவர்களில் சென்னையின் எஸ்.ஆர்.எஸ்.வரதன் ஒருவர். சென்னை பிரெசிடென்சி கல்லூரியில் புள்ளியியல் படித்து 1959ல் கழகத்தில் சேரும்போது தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடுதான் அவர் எண்ணம். ஆலைகளுக்கும் போய்ப் பார்த்தார். அங்கிருந்த வி.எஸ்.வரதராஜன், கே.ஆர்.பார்த்தசாரதி, ரங்கா ராவ் ஆகியோரின் சகவாசம் அவரைத் தூய நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு இழுத்துப் போனது. அரிதான நிகழ்வுகளின் கணிதத்துக்காக 2007ல் அவருக்கு ஏபல் பரிசு கிடைத்தது. அந்தக் கோட்பாடு இன்று காப்பீட்டு நிறுவனத்தின் நஷ்ட அபாயத்தையும் தொலைத்தொடர்பு வலையமைப்பின் நெரிசலையும் கணிக்கப் பயன்படுகிறது. ஆலையை விட்டு விலகிப் போனவரின் கணிதம் வேறு வாசல் வழியாகத் தொழிலுக்கே திரும்பியது.

சி.ஆர்.ராவின் கதையிலும் இந்தச் சுற்றுவழி உண்டு. 1920ல் கர்நாடகத்தின் ஹடகலியில் பிறந்த அவர் வேலை தேடிக் கல்கத்தா வந்து 1941 ஜனவரியில் கழகத்தில் சேர்ந்தார். 1945ல் வெளியான கட்டுரையில், ஒரு பக்கம் சாயாத எந்த மதிப்பீட்டு முறையும் இதற்குமேல் துல்லியமாக முடியாது என்ற எல்லையை நிறுவினார். க்ரேமர்–ராவ் எல்லை என்று அதற்குப் பெயர். 1947ல் அவர் அமைத்த 'ஆர்த்தகனல் அர்ரே' என்ற எண் அடுக்கு சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. சூளையின் வெப்பம், களிமண்ணின் அளவு, நேரம் என்று ஏழு காரணிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு தேர்வு என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் பார்க்க 128 சோதனைகள் வேண்டும். அடுக்கின்படி அமைத்தால் எட்டே சோதனைகளில் ஏழு காரணிகளின் முதன்மை விளைவையும் பிரித்தெடுக்கலாம். 1954–55ல் ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தாகுச்சி வருகைப் பேராசிரியராகக் கழகத்தில் இருந்தார். இவ்வகை அடுக்குகளை அடிப்படையாக வைத்து அவர் வளர்த்த முறைகள் ஜப்பானின் மின்னணு, வாகன ஆலைகளில் பரவின. நான்கு பத்தாண்டுகள் கழித்து இந்திய வாகன உதிரிப்பாக நிறுவனங்கள் 'ஜப்பானியத் தர முறை' என்று ஆலோசகர்களை வரவழைத்துக் கற்றுக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று. ஷூவார்ட்டின் வழிவந்த டெமிங் பெயரில் ஜப்பான் வழங்கும் விருதை முதலில் பெற்ற இந்திய நிறுவனம் சென்னை பாடியில் பிரேக் தயாரித்த சுந்தரம் கிளேட்டன், ஆண்டு 1998. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு நேர்வழி இருந்தும் டோக்கியோ வழியாகச் சுற்றி வந்ததற்கு, உரிம முறையின் நிழலில் போட்டி இல்லாமல் இருந்த ஆலைகளுக்குத் துல்லியம் தேவைப்படாததே பெரிய காரணம். கணிதத்தை வாங்குவோர் இல்லாத சந்தையில் கணிதவியலாளர் மட்டும் என்ன செய்ய முடியும்?

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1970களின் தொடக்கத்தில் கழகத்திடமிருந்து முழுமையாக அரசுக்கு மாறியது. மஹலனோபிஸ் 1972 ஜூன் 28 அன்று, 79ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் காலமானார். அதன்பின் விவாதங்கள் பெரும்பாலும் கேள்வித்தாளைப் பற்றியவை. கடந்த 30 நாளில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்பதா, 7 நாள் என்று கேட்பதா? 1999–2000 சுற்றில் இரண்டையும் கலந்து கேட்டதனால் வறுமை உண்மையிலேயே எவ்வளவு குறைந்தது என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. 2019ல் மாதிரிக் கணக்கெடுப்பு அலுவலகம் மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், 2017–18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தரவின் தரம் குறித்த ஐயங்களைக் காரணம் காட்டி வெளியிடப்போவதில்லை என்று அரசு அறிவித்தது. அடுத்த கணக்கெடுப்பு 2022–23ல் நடந்து, 2024 பிப்ரவரியில் அதன் முதல் முடிவுகள் வந்தன. ஒரே வருகையில் எல்லாவற்றையும் கேட்காமல் ஒரு குடும்பத்தை மூன்று முறை சந்தித்துக் கேட்கும் புதிய முறை அதில் கையாளப்பட்டது. ஆகவே பழைய சுற்றுகளோடு அதன் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது.